காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

பஞ்சு வாந்தி எடுத்த அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. காலை ஏழு மணிக்குப் பின்கட்டிலிருந்து கடைக்குள் வந்து விளக்கைப் போட்டேன். வெட்டுகிற மேஜைக்கு அடியில் அவன் படுத்திருந்தான். முகத்துக்கு முன்னால் தரையில் காப்பித் தூளைக் கரைத்துக் கொட்டின மாதிரி கறுப்பாகக் கிடந்தது. வயதான நாய், சட்டென்று எழுந்து வர முடியாது. ஆனாலும் என்னைப் பார்த்தால் வாலைத் தரையில் இரண்டு தட்டாவது தட்டுவான். அன்றைக்குக் கண்ணை மட்டும் திருப்பினான். "பாவி, ஃபோம் துண்டைப் பெருக்காம போயிட்டான்" என்று என் வாயில் வந்தது. பாவி என்றது என் தம்பியை.

எங்களுடையது சீட் கடை. பஸ், வேன், லாரி எதுவானாலும் இருக்கைக்கு ஃபோம் வைத்து ரெக்சின் உறை போட்டுக் கொடுப்போம். அளப்பதும் வெட்டுவதும் அவன் வேலை, தைப்பது என் வேலை. கடைக்குப் பின்னால் ஓர் அறையில் நான், மாடியில் அவன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கு ஆனது நிலைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பஞ்சு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய பஸ்ஸின் கடைசி சீட்டைக் கிழித்தபோது, உள்ளே பஞ்சுக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சுருண்டு கிடந்தான். அதுதான் பெயர்.

மூன்று வருஷமாக நானும் தம்பியும் பேசுவதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நாற்பது உறை தைத்தோம். நாற்பதும் இரண்டு விரற்கடை குட்டை. அவன் தப்பாக அளந்தான் என்று நான் சொன்னேன், நான் மடிப்பை அதிகமாகப் பிடித்துவிட்டேன் என்று அவன் சொன்னான். பஸ் டிரைவர் முன்னாலேயே நான் அவனை அளக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டேன். இனி உன்னிடம் வாயைத் திறந்தால் நான் மனுஷனே இல்லை என்றான். திறக்காதே, கடை நிம்மதியாக இருக்கும் என்றேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற குடும்பம் எங்களுடையது, அதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வேலை நிற்கவில்லை. அளவு, எண்ணிக்கை, எந்த வண்டி எப்போது வேண்டும் என்பதையெல்லாம் மேஜை ஓரத்தில் சாக்பீஸால் எழுதி வைப்போம். பஞ்சுவைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே எழுதியதில்லை. எழுதினால் அவன் இரண்டு பேருக்கும் பொது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் என் நாய். என் தம்பியைக் கேட்டால் தன் நாய் என்பான். பகலெல்லாம் பஞ்சு என் மெஷினுக்குக் கீழே கிடப்பான். சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி அவனைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவான். இரண்டு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து விடுவான். இருவரும் தனித்தனியாகத் தீனி போட்டதில் பஞ்சு உருண்டு திரண்டு போனான். எனக்கும் அது தெரியும், அவனுக்கும் தெரியும். நீ நிறுத்து என்று சொல்ல வாய் வேண்டுமே.

அன்றைக்குத் தம்பி விடியற்காலையிலேயே வெளிப்படி வழியாக இறங்கி பஸ் டிப்போவுக்குப் போயிருந்தான். பன்னிரண்டு சீட் பூட்ட வேண்டும் என்று மேஜையில் எழுதியிருந்தது. அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. போடவில்லை.

ரெக்சின் ஏற்றுகிற தள்ளுவண்டியில் மெத்தையை விரித்து, பஞ்சுவைக் கிடத்தி, நான்கு தெரு தாண்டி நாய் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே இருக்கிற டாக்டரம்மா சின்ன வயசு, அளந்து பேசுகிறவர். மூன்று வாரத்துக்கு முன்னால் பஞ்சு பின்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் திண்டாடியபோது இவரிடம்தான் காட்டினேன். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினம் காலையில் ஒன்று. ரொட்டித் துண்டுக்குள் திணித்து நானே என் கையால் கொடுத்து வந்தேன். ஒரு வாரத்திலேயே எழுந்து வாசல் வரைக்கும் போனான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஈறைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கறுப்பாகக் கக்கியது ரத்தம்தான் என்றார். நான் கொடுத்த மாத்திரையைத் தவிர வேறு ஏதாவது மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல. என் நாய்க்கு நான் கொடுக்காம வேற யார் கொடுப்பா?" என்றேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. என் தம்பி வெட்டின ஃபோம் துண்டுகளைப் பெருக்குவதே இல்லை, பசை டப்பாவை மூடுவதே இல்லை, நாய் அதைத்தான் தின்றிருக்கும், எத்தனை தடவை மேஜையில் எழுதியும் உறைக்கவில்லை என்று அங்கேயே ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தேன். டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்தார். குடலில் ஓர் இடத்தில் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. ஃபோமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்து வெளியே பரிசோதனைக்கு அனுப்பினார், முடிவு வர மாலை ஆகிவிடும். ஏதாவது அடைத்திருந்தால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, மூன்று மணிக்கு வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார். இந்த வயசில் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பது பாதிக்குப் பாதி என்பதையும் சொன்னார்.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது. பஞ்சுவின் காலில் ஊசி குத்தி, குழாய் மாட்டி, கூண்டுக்குள் படுக்க வைத்தார்கள். அவனுடைய பழைய போர்வையை எடுத்துவர வீட்டுக்குப் போனேன். மணி பதினொன்றரை.

வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். கடை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிறவர், வெளியே வந்து நாய்க்கு என்ன என்று கேட்டார். பஞ்சு குரைக்கிறான், வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் புகார் சொன்ன மனுஷர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஃபோமை மறந்தேன். கண்ணாடித் தூளை எதிலாவது கலந்து போட்டீரா என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன். அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அவர் கத்தவில்லை. கையில் இருந்த அளவுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் ஏம்மா போடப்போறேன்? போன மாசம்கூட உன் தம்பி அதைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரே, அப்ப நான்தான் பஸ்ஸை நிறுத்தி ஏத்தி விட்டேன்."

எந்த ஆஸ்பத்திரி என்றேன். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிழவர் ஒருத்தர் பார்க்கிறாரே, அங்கே என்றார். நான் துணி வாங்கப் போயிருந்த நாளாம். கால் வலிக்கு மாத்திரை கொடுத்ததாகத் தம்பி சொன்னானாம், தினமும் சாயங்காலம் ஒன்று. கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து நாய் நன்றாக நடக்கிறது என்று அவரிடம் வந்து பெருமை அடித்துக்கொண்டு போனானாம்.

காலையில் ஒன்று நான், மாலையில் ஒன்று அவன். மூன்று வாரம். பஞ்சு வாசல் வரைக்கும் நடந்தது யாருடைய மாத்திரையால் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என்ன மாத்திரை, என்ன அளவு என்று தெரியவேண்டும், அதுவும் நான் கொடுத்த மாதிரி வலி மாத்திரையாக இருந்தால் அடைப்பே இல்லை, வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான், அப்படியென்றால் மயக்க மருந்து கொடுத்தால் நாய் செத்துப்போகும் என்றார். மூன்று மணிக்குள் கேட்டுச் சொல்லச் சொன்னார். அதற்கு மேல் தள்ளிப்போடுவதும் ஆபத்து, அடைப்பாக இருந்துவிட்டால் அதுவும் உயிருக்கு உலை என்றார்.

தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். துண்டித்தான். அதற்கு மேலும் ஏழு தடவை போட்டேன், ஏழு தடவையும் துண்டித்தான். மாத்திரை அட்டை கிடைக்குமா என்று மாடிக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. கதவை ஓர் உதை விட்டேன். என் கால்தான் வீங்கியது. பெரிய ரோட்டுக் கிழவரின் ஆஸ்பத்திரி மதியம் நான்கு மணிவரை மூடியிருக்கும் என்று கண்ணாடிக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, நான் அவரைக் கேட்டதையெல்லாம் மறந்துவிட்டவர் மாதிரி, தன் சாமான் ஏற்றும் வண்டியை எடுத்து என்னை டிப்போவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பரவாயில்லை என்றார்.

டிப்போவில் இருபது பஸ்களாவது நின்றன. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒன்பதாவது பஸ்ஸில், சீட்டுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஸ்பேனரால் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தான். செருப்பைப் பார்த்தே நான் என்று தெரிந்திருக்கும். தலையைத் தூக்கவில்லை.

"பஞ்சுக்கு என்னடா மாத்திரை கொடுத்தே?"

மூன்று வருஷம் கழித்து நான் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் இது. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஸ்பேனரை ஒரு சுற்றுச் சுற்றினான். பதில் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் இல்லையே அவன். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன். ஐம்பத்து நான்கு வயசு ஆள் அரையடி நகர்ந்து வெளியே வந்தான்.

"அவன் சாகக் கிடக்கிறான்டா. ரத்த வாந்தி. மூணு மணிக்கு வயித்தைக் கிழிக்கப்போறாங்க. மாத்திரை பேரைச் சொல்லித் தொலை."

எழுந்து உட்கார்ந்தான். சட்டைப் பையில் கையை விட்டு அட்டையை எடுத்தான். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. நான் அதைப் பிடுங்கி, போனில் டாக்டரம்மாவுக்கு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அது நான் கொடுத்த மாத்திரையின் பெயர் இல்லை. ஆனால் அதே வேலையைச் செய்கிறதுதான், இரண்டும் ஒரே வயிற்றுக்குள் சேரவே கூடாது என்றார் அவர். அறுவைச் சிகிச்சையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மணி இரண்டே கால்.

போனை மடித்து வைத்தேன். இனி என் முறை என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"எப்ப வாந்தி எடுத்தான்?"

"காலைல ஏழு மணிக்கு."

"ஏழு மணிக்கா? நான் இங்கதானே இருக்கேன். ஏழு மணிலேருந்து ஏன் எனக்குச் சொல்லல?"

போன் பண்ணினால் நீ எடுக்கிற லட்சணம்தான் தெரிகிறதே என்று கத்தினேன். அது மதியம் என்றான், காலையில் ஒரு தடவையாவது போட்டாயா என்றான். நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை ஏன் என்னிடம் மறைத்தாய் என்றேன். நீ சொன்னாயா என்றான். டிரைவர்களும் கண்டக்டர்களும் கூடிவிட்டார்கள். மூன்று வருஷம் பேசாததையெல்லாம் அந்தப் பஸ்ஸுக்குள் நின்று பேசினோம். நாற்பது உறை வரைக்கும் போனோம். அவனுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

"வேற மருந்து கொடுக்கறீங்களான்னு உங்களைக் கேட்டேன்" என்றார் என்னிடம்.

"கேட்டீங்க. இல்லேன்னு சொன்னேன்."

தம்பி தரையைப் பார்த்தான். "என்னையும் அந்தப் பெரிய டாக்டர் கேட்டாரு. நானும் இல்லேன்னுதான் சொன்னேன். என் நாய்க்கு வேற யார் கொடுப்பாங்கன்னு கேட்டேன்" என்றான்.

அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல் இருந்த கோபத்தை வைக்க இடம் இல்லாமல் போயிற்று. என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை அவன் வாயிலிருந்தும் வந்திருக்கிறது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே. பேசாமல் இருந்தது நாங்கள் இரண்டு பேர், ரத்தம் கக்கியது பஞ்சு. அதற்காக என்னை நானே எத்தனை அறை அறைந்தாலும் போதாது. தம்பியையும் சேர்த்து அறைய வேண்டும் என்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்னபடியேதான். குழாய் வழியாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சிறுநீர் போனால்தான் பிழைப்பான் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, ஒரு நாய் மூத்திரம் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். வாழ்க்கையில் எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. ஆறரை மணிக்குக் கூண்டைத் துடைக்கிற அம்மா வந்து, போர்வையெல்லாம் நனைந்துவிட்டது, மாற்றுப் போர்வை இருக்கிறதா என்று சலித்துக்கொண்டே கேட்டார். தம்பி எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. நான் போய் அந்த நனைந்த போர்வையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

ஆறு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். ஏழாம் நாள் பஞ்சு தானாக எழுந்து நின்றான், நான்கு காலும் நடுங்க. எலும்பும் தோலுமாக இருந்தான். சிறுநீரகத்தில் போனது போனதுதான், திரும்ப வளராது, இருக்கிற பாதியை வைத்துக்கொண்டுதான் மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. புதுசாக ஒரு மாத்திரை, காலையில் ஒன்று, அதற்கு மேல் எந்தக் கையிலிருந்தும் எதுவும் போகக் கூடாது.

"இதை ஒருத்தர்தான் கொடுக்கணும். யாரு?"

இரண்டு பேரும் கையை நீட்டினோம். டாக்டரம்மா அட்டையைத் தரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சு தம்பியின் காலில் சாய்ந்துகொண்டு நின்றான். என் பக்கம் சாய்ந்திருந்தால் நான் விட்டுக் கொடுத்திருக்கவே மாட்டேன். பதினான்கு வருஷம் என் மெஷினுக்கு அடியில் கிடந்தவன். அவனுக்கு ரொட்டிக்குள் எப்படி வைத்தால் துப்ப மாட்டான் என்பது எனக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டேன்.

"அவன் கொடுக்கட்டும். கொடுத்தானான்னு நான் தினமும் கேட்டுக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணி. தம்பி மேஜையில் ரெக்சினை விரித்து அளந்துகொண்டிருந்தான். பஞ்சு வாசலில் விழுந்த வெயிலில் படுத்திருந்தான். நான் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தேன், மூன்று தடவை தவறியது. கத்துவதற்கு எனக்குத் தொண்டை எப்போதும் தயார். சாதாரணமாக ஒரு வார்த்தை கேட்கத்தான் அது மறந்து போயிருந்தது.

"மாத்திரை கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

சரி, முடிந்தது என்று மெஷினை மிதித்தேன். அவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் பார்த்தான்.

"நீ எதுவும் கொடுக்கலியே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னைப் பார்த்துக் கேட்கிறான். இவ்வளவுக்குப் பிறகும் நான் கொடுப்பேன் என்று நினைக்கிறான். நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்று மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். பஞ்சுவின் விலா மேலும் கீழும் ஏறி இறங்குவது தெரிந்தது. ஒவ்வொரு எலும்பையும் எண்ணிவிடலாம். இந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? நூலைப் பல்லால் கடிக்கிற நேரம். மூன்று வாரம் அது எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை.

"கொடுக்கல" என்றேன். "நாளைக்கும் கேளு."